260 ஆட்டங்களுக்குப் பிறகு: ஊர் மாறி ஆடும் ஐஸ் ஹொக்கி வீரரின் தொழில் கணக்கு

ரொறன்ரோவில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஐஸ் ஹொக்கி ஆட்டத்துக்குக் குளிர்காலத்தில் திருகோணமலை நேரம் மறுநாள் விடியற்காலை 5.30. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிறந்த பேரப்பிள்ளைகள் ஸ்கேட் கட்டத் தொடங்கிய பிறகு, உவர்மலையிலும் அன்புவழிபுரத்திலும் இந்த விளையாட்டைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அம்மப்பாமார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "இதில உழைச்சுச் சீவிக்கலாமோ?" பெரிய நட்சத்திரங்களின் சம்பளத்தைக் காட்டி ஓம் என்று சொல்லிவிடலாம். ஆனால் தொழில்முறை ஐஸ் ஹொக்கியில் நட்சத்திரங்கள் மிகச் சிலர். மிச்ச இடங்களை நிரப்புகிறவர் வேறொருவர்: பத்து வருடத்தில் எட்டு ஊர், இரண்டு மூன்று நாடு, ஒரு கழகத்தில் இரண்டு பருவம் நின்றால் அதிசயம். அவருடைய தொழில் எப்படி ஓடுகிறது, எங்கே முறிகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு வீரர் தன் ஊர்க் கழகத்தின் சட்டையோடேயே ஆடி ஓய்வது இயல்பான காட்சி. ஐஸ் ஹொக்கியில் அப்படி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து படகும் வலையும் கொண்டுவந்து நம் கரையில் வாடி அடித்து, காற்று மாறியதும் திரும்பிப் போகும் மீனவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். ஊர் மாறும் ஹொக்கி வீரரின் வருடமும் அப்படித்தான் நகர்கிறது. ஆனால் மீனவர் தான் போகும் கரையைத் தானே தீர்மானிக்கிறார். வீரர் எந்த ஊருக்குப் போவார் என்பதை ஆட்ட எண்ணிக்கை, நாள் கணக்கு, ஒப்பமிட்ட வயது ஆகியவை தீர்மானிக்கின்றன. அவர் போட்ட கோல்களுக்கு இதில் நாம் நினைப்பதைவிடக் குறைந்த பங்குதான்.

மூன்று படிகள், எண்ணிக்கைப்பட்ட இடங்கள்

வட அமெரிக்காவில் உச்சப் படி என்.எச்.எல். என்ற தேசிய ஹொக்கி லீக். அதில் 32 கழகங்கள். அடுத்தது 1936இல் தொடங்கிய ஏ.எச்.எல். என்ற அமெரிக்க ஹொக்கி லீக். அதிலும் 32 கழகங்கள். ஒவ்வொன்றும் ஒரு என்.எச்.எல். கழகத்தோடு இணைந்த வளர்ப்பு அணி: ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்கு அதே நகரத்தில் மார்லீஸ், மொன்றியலுக்கு லவால், ஒட்டாவாவுக்கு பெல்வில், வன்கூவருக்கு அபட்ஸ்ஃபோர்ட். மூன்றாம் படி 1988இல் தொடங்கிய ஈ.சி.எச்.எல். அதில் ஏறத்தாழ 30 கழகங்கள், அநேகமாக எல்லாமே அமெரிக்காவின் நடுத்தர நகரங்களில்.

ஒரு என்.எச்.எல். கழகம் பருவத்தின் பெரும்பகுதியில் 23 பேரைத்தான் வைத்திருக்கலாம். ஆட்டத்துக்கு இறங்குவது 20 பேர்: வழக்கமாக 12 முன்வரிசை, 6 பின்வரிசை, 2 கோல் காப்பாளர். அதே கழகம் ஒரே நேரத்தில் 50 வீரர்களோடு என்.எச்.எல். ஒப்பந்தம் வைத்திருக்கலாம். ஆகவே ஒப்பந்தத் தாளில் "என்.எச்.எல்." என்று எழுதியிருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எந்த நாளிலும் கீழே ஏ.எச்.எல்.இலோ ஜூனியர் லீக்கிலோதான் ஆடிக்கொண்டிருப்பார்கள். 32ஐ 23ஆல் பெருக்கினால் 736. உலகம் முழுவதிலும் இருந்து வரும் வீரர்களுக்கு மேல் படியில் உள்ள மொத்த இடம் அவ்வளவுதான்.

ஊர் மாறும் வீரர் இருப்பது இந்த 736இன் கடைசி ஓரத்தில், அல்லது அதற்குச் சற்று வெளியே. நான்காவது வரிசை முன்வீரர், மூன்றாவது சோடிப் பின்வீரர், ஆட்டத்துக்கு இறங்காமல் சூட் போட்டு மேலே உட்கார்ந்து பார்க்கும் பதின்மூன்றாவது முன்வீரர். ஐஸில் ஒரு இறக்கம் சுமார் 45 வினாடி. முதல் வரிசைக்காரர் ஓர் ஆட்டத்தில் 20 நிமிடம் ஆடுவார். நான்காவது வரிசைக்காரருக்கு 8 நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த 8 நிமிடத்தில் பயிற்சியாளர் அவரிடம் கேட்பது, எதிரணி கோல் போடாமல் பார், ஆள் குறைந்த நேரத்தில் தாக்குப்பிடி, பக் எனப்படும் ரப்பர் வில்லையை உடம்பால் மறி, நடுவர் பக்கைப் போடும்போது அதை வென்று கொடு. இந்த வேலைகளில் ஒன்றையாவது நம்பகமாகச் செய்கிறவருக்கு எந்த ஊரிலும் இடம் உண்டு. வலக்கைப் பக்கம் ஸ்டிக் பிடிக்கும் பின்வீரர்கள் எப்போதும் குறைவு. அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு மூன்று வருடம் கூடுதலாகத் தொழிலில் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வகை வீரரின் உச்ச உதாரணம் மைக் சிலிஞ்சர். 1989இல் கழகங்கள் இளம் வீரர்களை வரிசையாகத் தெரிவு செய்யும் நிகழ்வில், டெட்ரொயிட் கழகம் அவரை முதல் சுற்றில் 11ஆவதாகத் தெரிவு செய்தது. பின்னர் அவர் 12 என்.எச்.எல். கழகங்களுக்கு ஆடினார், 9 முறை கைமாற்றப்பட்டார், மொத்தம் 1,049 ஆட்டங்கள். பன்னிரண்டு கழகம் என்றால் யாருக்கும் வேண்டாதவர் என்று தோன்றும். அவரைக் கொடுத்த ஒவ்வொரு முறையும் மறுபக்கத்தில் கேட்டு வாங்க ஒரு கழகம் இருந்தது, அந்தக் கழகம் பதிலுக்கு ஏதோ கொடுத்தது. ஆயிரம் ஆட்டத்தை எட்டாத நட்சத்திரங்கள் பலர்.

ஒரே வீரர், இரண்டு சம்பளம்

பணத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்கவேண்டியது ஒப்பந்தம் வன்-வேயா டூ-வேயா என்பது. வன்-வே ஒப்பந்தம் என்றால் மேலே ஆடினாலும் கீழே அனுப்பினாலும் ஒரே சம்பளம். டூ-வே என்றால் இரண்டு தொகை எழுதியிருக்கும். எந்த நாளில் எந்த லீக்கில் இருந்தாரோ அந்த நாளுக்கு அந்தக் கணக்கு.

என்.எச்.எல்.இன் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025-26 பருவத்தில் 775,000 அமெரிக்க டொலர். 2026-27 பருவத்துக்கு 850,000 என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. ஒரு கற்பனை வீரரை எடுப்போம்: மேலே 775,000, கீழே 90,000. பருவத்தைச் சுமார் 190 நாள் என்று வைத்தால், மேலே இருக்கும் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 4,079 டொலர், கீழே இருக்கும் ஒரு நாளுக்கு 474. ஒருவர் 25 நாள் மேலேயும் 165 நாள் கீழேயும் இருந்தால் வருட வருமானம் சுமார் 180,000. அதில் பாதிக்கு மேல் அந்த 25 நாளில் வந்தது. ஒரு முன்வீரரின் கால் பிசகி இவர் இரண்டு வாரம் மேலே நின்றால், குடும்பத்தின் அந்த வருடக் கணக்கே மாறிவிடும்.

தெரிந்த முகவர்கள் டூ-வே ஒப்பந்தத்தில் மூன்றாவது எண் ஒன்றையும் கேட்டு வாங்குவார்கள்: எத்தனை நாள் கீழே இருந்தாலும் வருடத்துக்கு இவ்வளவு குறையாது என்ற உத்தரவாதத் தொகை. அது எழுதப்படாத டூ-வே ஒப்பந்தத்தை நாம் நல்ல ஒப்பந்தம் என்று சொல்லமாட்டோம்.

கைக்கு வரும்போது தொகை குறையும். வருமான வரி, ஆடப் போகும் மாநிலங்கள் தனித்தனியே கேட்கும் வரி, முகவரின் 3 முதல் 5 சதவீதம், என்.எச்.எல்.இல் லீக் வருமானக் கணக்கு முடியும்வரை பிடித்து வைக்கும் பங்கு. இவை போக, சம்பளம் பருவ மாதங்களில்தான் வரும். மே முதல் செப்டெம்பர் வரை பயிற்சியாளருக்கும் பனித்தள வாடகைக்கும் வீரரே செலவழிப்பார்.

காயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. என்.எச்.எல். அணியில் இருக்கும்போது காயப்பட்டவரைக் குணமாகும்வரை கீழே அனுப்பக்கூடாது. மேல் சம்பளம் தொடரும். கீழே இருக்கும்போது காயப்பட்டால் கீழ்ச் சம்பளம், மேலே போகும் வாய்ப்பும் நின்றுவிடும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி வந்ததை மறைத்துக்கொண்டு ஆடும் கெட்ட பழக்கத்துக்கு இந்தப் பயமும் ஒரு காரணம். தலைவலி, வெளிச்சம் கூசுதல், சொன்னது மறத்தல் ஆகியவை இருக்கும்போது இரண்டாவது அடி விழுந்தால் தொழில் மட்டுமல்ல, மிச்ச வாழ்க்கையும் போகலாம். பிள்ளை தொலைபேசியில் முன்புபோல் பேசவில்லை என்று வீட்டார் உணர்ந்தால் அதைக் கேட்கவே வேண்டும்.

வேவர்ஸ்: 24 மணித்தியாலம்

அனுபவமுள்ள வீரரை மேலிருந்து கீழே அனுப்ப நினைக்கும் கழகம் அவரை முதலில் மற்ற 31 கழகங்களுக்கும் காட்டவேண்டும். அதற்குப் பெயர் வேவர்ஸ். கிழக்குக் கனடா நேரம் பிற்பகல் 2 மணிக்குப் பெயர் வெளியாகும், மறுநாள் 2 மணிவரை எந்தக் கழகமும் அவரைக் கேட்டு எடுக்கலாம். நமக்கு அது குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30, கோடை நேரம் நடைமுறையில் இருக்கும் ஒக்டோபரில் இரவு 11.30. ஒன்றுக்கு மேற்பட்ட கழகங்கள் கேட்டால் புள்ளி நிலையில் பின்தங்கிய கழகத்துக்கு முதலிடம். எடுக்கும் கழகம் அவருடைய ஒப்பந்தத்தை அப்படியே ஏற்கும். யாரும் கேட்காவிட்டால் வேவர்ஸைக் கடந்துவிட்டார் என்று பொருள், அதன் பிறகு கீழே அனுப்பலாம்.

கடந்தவருக்கு ஒரு சலுகைக் காலம் உண்டு. மீண்டும் மேலே அழைத்து, 10 ஆட்டம் ஆடும்வரை அல்லது மேல் அணியில் மொத்தம் 30 நாள் நிற்கும்வரை, மறுபடி வேவர்ஸ் இல்லாமல் கீழே அனுப்பலாம். ஒருவர் 9 ஆட்டம் ஆடி, நன்றாகவும் ஆடி, பத்தாவது ஆட்டத்துக்கு முன் கீழே போவதைப் பார்த்தால் காரணத்தை இந்த எண்ணில் தேடுங்கள்.

இளம் வீரர்களுக்கு வேவர்ஸ் இல்லை. 18 வயதில் முதல் ஒப்பந்தம் போட்ட முன்வீரரோ பின்வீரரோ பொதுவாக 5 வருடம் அல்லது 160 என்.எச்.எல். ஆட்டம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை விலக்குப் பெறுவார். 20 வயதில் போட்டவருக்கு 3 வருடம், 25 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரே வருடம். இதனால் செப்டெம்பர் பயிற்சி முகாமில், இரண்டு பேர் சம அளவில் ஆடினாலும், வேவர்ஸ் விலக்குள்ள இளையவரைக் கீழே அனுப்பி மூத்தவரை வைத்துக்கொள்வார்கள். அனுப்பினால் வேறு கழகம் பறித்துவிடும் என்ற பயம். இந்த விதியால் ஊர் மாறும் வீரருக்குக் கிடைக்கும் நன்மை இது ஒன்றுதான். மற்றபடி கைமாற்றத்தை மறுக்கும் உரிமை அவருடைய ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்காது. செய்தி வந்த நாளிலேயே விமானம், புதுச் சட்டை, அடுத்த நாள் ஆட்டம். வாடகை வீட்டை மூடுவதும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றுவதும் மனைவியின் தலையில் விழும்.

வேவர்ஸ் சிலருக்குக் கதவையும் திறந்திருக்கிறது. கோல் காப்பாளர் மைக்கல் லெய்ட்டன் 2008 ஏப்ரலில் ஏ.எச்.எல். அணியான அல்பனிக்கு ஆடியபோது, ஐந்தாவது மேலதிக நேரம்வரை நீண்ட ஒரே ஆட்டத்தில் 98 அடிகளைத் தடுத்தார். அப்படியும் 3-2 என்று தோற்றார். 2009 டிசம்பரில் கரோலைனா அவரை வேவர்ஸில் போட, பிலடெல்பியா எடுத்தது. ஆறு மாதம் கழித்து, என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்துக்கான 2010 இறுதித் தொடரில் பிலடெல்பியாவின் கோல் முன்னால் நின்றவர் அவரே.

260 என்ற சுவர்

இனி, வெளியே அதிகம் பேசப்படாத விதி. நம் பார்வையில் இந்தத் தொழிலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஏ.எச்.எல். வளர்ப்பு லீக். அதனால் ஆட்டத்துக்கு இறங்கும் 18 முன், பின் வீரர்களில் 13 பேர் வளர்நிலை வீரர்களாக இருக்கவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்த 13 பேரில் 12 பேர் பருவத் தொடக்கத்தில் 260 அல்லது அதற்குக் குறைந்த தொழில்முறை ஆட்டங்களும், ஒருவர் 320 அல்லது அதற்குக் குறைந்த ஆட்டங்களும் ஆடியவராக இருக்கவேண்டும். என்.எச்.எல்., ஏ.எச்.எல்., ஐரோப்பாவின் உயர் லீக்குகள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மிச்சம் ஐந்து இடங்களுக்குத்தான் வரம்பில்லை.

இதைக் கூட்டிப் பாருங்கள். ஏ.எச்.எல். பருவம் 72 ஆட்டம். காயமில்லாமல் முழுதாக ஆடுகிறவர் நாலாவது பருவம் முடியும்போது 288. அதாவது 21 வயதில் தொடங்கியவர் 25 வயதில் மூத்த வீரர் ஆகிவிடுகிறார். உடம்பு உச்சத்துக்கு வரும் வயது, ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்துவிட்ட வயது. அந்த நேரம் பார்த்து அவருக்கான இடம் 18இலிருந்து ஆறாகச் சுருங்குகிறது, 320ஐயும் தாண்டினால் ஐந்தாக. அந்த ஐந்தில் இரண்டை, வேவர்ஸைக் கடந்து கீழே வந்த பெரிய சம்பளக்காரர்கள் எடுத்துவிடுவார்கள். ஒன்றை அணித்தலைவருக்கு ஒதுக்குவார்கள். மிச்சத்துக்கு ஊர் ஊராக அலையும் ஐம்பது பேர் போட்டி. 24 வயதில் ஒழுங்காக ஆடிய ஒருவர் 26இல் ஏன் திடீரென்று ஜெர்மனியில் இருக்கிறார் என்று உறவுகள் கேட்பதுண்டு. பெரும்பாலும் விடை இதுதான். அவர் கெட்டுப்போகவில்லை, எண்ணிக்கை கூடிவிட்டது.

கோல் காப்பாளர்களை இந்த விதி தொடாது. லெய்ட்டன் போன்றவர்கள் முப்பது தாண்டியும் ஏ.எச்.எல்.இல் நிலைக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈ.சி.எச்.எல்.இலும் இதே போன்ற சுவர், இன்னும் குறுகலாக: 260 ஆட்டம் கடந்த மூத்தவர்கள் ஓர் அணிக்கு நால்வர் மட்டும். ஏ.எச்.எல். கணக்கில் ஈ.சி.எச்.எல். ஆட்டங்கள் சேர்வதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஆகவே கீழ்ப்படியில் மூன்று வருடம் தேறி மேலே வருகிறவர் ஏ.எச்.எல்.இன் பார்வையில் இன்னும் புதியவர். 24 வயதில் இது ஒரு பெரிய சொத்து.

பஸ்ஸும் இரவல் வீடும்

ஈ.சி.எச்.எல். சம்பளம் வாரக் கணக்கு. புதியவருக்குச் சில நூறு டொலர்களில் தொடங்கும். பருவ காலத்தில் தளபாடத்தோடு வீட்டைக் கழகம் கொடுக்கும், வழக்கமாக இன்னொரு வீரரோடு பகிர்ந்து. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவில் மூன்று ஆட்டம் சாதாரணம், இடையில் படுக்கை வைத்த பஸ்ஸில் இரவுப் பயணம். மூன்றாவது இரவில்தான் காயங்கள் வரும்: கால் தளர்ந்து, இடுப்புப் பக்கத் தசை இறுகி, திரும்பும்போது அரை நொடி பிந்தி, பலகைச் சுவரில் தோள் அடிபடும்.

இங்கிருந்து மேலே போகும் வழி பி.டி.ஓ. என்ற தற்காலிக ஒப்பந்தம். ஏ.எச்.எல்.இல் அது 25 ஆட்டம்வரை. ஆள் குறைந்த அணி திங்கட்கிழமை கூப்பிடும், புதன்கிழமை திருப்பியும் அனுப்பும். ஒரே பருவத்தில் மூன்று ஏ.எச்.எல். கழகங்களில் பி.டி.ஓ. ஆடியவர்கள் உண்டு. இப்படிப் போகிறவரின் பை எப்போதும் கட்டியே இருக்கும்.

அந்தப் பையில் ஒரு பொருளைக் கிட்டப் பார்க்கலாம்: ஸ்கேட்டின் அடி இரும்பு. தடிப்பு சுமார் 3 மில்லிமீற்றர். அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு, இரு ஓரமும் கூர். அந்தக் குழிவின் ஆரத்தை அங்குலத்தில் சொல்வார்கள். அரை அங்குலமும் எட்டில் ஐந்தும் பொதுவான அளவுகள். எண் சிறிதானால் குழிவு ஆழம், ஐஸை நன்றாகக் கவ்வும், ஆனால் சறுக்கல் குறைந்து கால் களைக்கும். எண் பெரிதானால் ஓட்டம் இலகு, திடீரென்று திரும்பும்போது வழுக்கும். தளத்தின் வெப்பம் மறை 4 முதல் மறை 6 செல்சியஸ்வரை ஊருக்கு ஊர் மாறும். குளிர்ந்த கடின ஐஸுக்கு ஆழமான குழிவு, தென் மாநிலங்களின் மெதுவான ஐஸுக்கு ஆழம் குறைந்தது. புதுக் கழகத்தில் உபகரணப் பொறுப்பாளரின் இயந்திரம் வேறு. அதே எண் சொன்னாலும் தீட்டிய கூர் வேறாக வரலாம். ஓர் ஓரம் மற்றதைவிட மயிரிழை உயர்ந்தாலும் வீரர் ஒரு பக்கம் திரும்பும்போது தொடை இடுக்குத் தசை இழுபடும். ஆகவே அனுபவசாலிகள் இரண்டு மூன்று சோடி இரும்பைத் தீட்டியபடி கொண்டு போவார்கள், குழிவின் அளவை நாடாவில் எழுதி ஸ்கேட்டில் ஒட்டியிருப்பார்கள், முதல் பயிற்சிக்கு முன் இரும்பின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்து அது சரியாமல் நேரே நிற்கிறதா என்று பார்ப்பார்கள். புது ஊரில் முதல் ஆட்டமே கடைசி ஆட்டமாகவும் ஆகலாம் என்பவருக்கு இந்தச் சோதனை சின்ன விஷயம் அல்ல.

ஐரோப்பா

260ஐக் கடந்தவர்களில் பெரும்பாலோர் கடைசியில் பார்ப்பது ஐரோப்பாவை. அங்கே சுவர் வேறு: வெளிநாட்டவர் எண்ணிக்கை. ஜெர்மனியின் உயர் லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு 9 வெளிநாட்டவர், சுவிற்சர்லாந்தில் 2022-23 முதல் 6. ஜெர்மன் கடவுச்சீட்டு உள்ள கனடியர் அங்கே வெளிநாட்டவர் கணக்கில் வரமாட்டார் என்பதால், பாட்டன் பாட்டி வழியில் குடியுரிமை தேடுவது வீரர்களிடையே வழக்கம். ரொறன்ரோத் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வழி இராது. ஆனால் ஜெர்மனியில் பிறந்து, குடியுரிமையோடு அங்கேயே ஹொக்கி பழகும் நம் பிள்ளைக்கு அந்த நாட்டு லீக்கில் இருக்கும் இடம், திறமையில் தன்னைவிடச் சற்று உயர்ந்த கனடியருக்கும் இல்லை. எசன், டோர்ட்முண்ட் பக்கம் உறவுள்ளவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ஐரோப்பியக் கழகங்கள் வழக்கமாக வீடு தரும், பல இடங்களில் காரும் தரும், சம்பளத்தை வரி போக நிகரத் தொகையாகப் பேசும். ஆட்டங்கள் குறைவு, இரவு பஸ் குறைவு. பிரித்தானிய லீக்கில் சில கழகங்கள் பல்கலைக்கழகத்தோடு பேசி, ஆடிக்கொண்டே முதுமாணிப் படிப்பு முடிக்க வழி செய்கின்றன. முப்பதைத் தொடுகிறவருக்கு இதைவிட நல்ல ஒப்பந்தம் குறைவு.

பிழைப்பது எங்கே? முதலாவது, காலம். ஐரோப்பியக் கழகங்கள் வெளிநாட்டு இடங்களை மே, ஜூன், ஜூலையில் நிரப்பிவிடும். என்.எச்.எல்.இன் சுதந்திர ஒப்பந்தக் காலம் தொடங்குவதே ஜூலை 1. முதல் வாரம் நட்சத்திரங்களுக்கு. ஊர் மாறும் வீரருக்கு அழைப்பு வந்தால் ஓகஸ்டில், சிலவேளை செப்டெம்பரில், அதுவும் முகாமுக்கு வந்து காட்டு என்ற சம்பள உத்தரவாதமில்லாத அழைப்பாக. காத்திருந்து இரண்டையும் இழந்தவர்கள் உண்டு. இரண்டாவது, சிறு லீக்குகளில் சம்பளம் பிந்தும் கழகங்கள். ஒப்பமிட முன் போன வருடம் அங்கே ஆடிய இரண்டு வீரர்களிடமாவது, பணம் நாளுக்கு வந்ததா, காயப்பட்டபோது வைத்தியச் செலவை யார் கொடுத்தார், பருவ நடுவில் நிறுத்தினால் என்ன கிடைத்தது என்று நேரே கேட்டுவிடவேண்டும். மூன்றாவது, நல்ல அழைப்பு வந்தால் என்.எச்.எல்.க்குப் போகலாம் என்ற விலகல் வாசகம். எந்தத் திகதிவரை அது செல்லும் என்று எழுதியிருக்கவேண்டும்.

பெண் வீரர்களுக்கு இந்த ஏணியே இன்னும் கட்டப்படவில்லை. 2024 ஜனவரியில் தொடங்கிய பி.டபிள்யூ.எச்.எல். என்ற தொழில்முறைப் பெண்கள் ஹொக்கி லீக் ஆறு கழகங்களோடு ஆரம்பித்து 2025-26இல் எட்டானது. அதற்கு நேர் கீழே வளர்ப்பு லீக் இல்லை. இடம் கிடைக்காதவருக்கு எஞ்சுவது ஐரோப்பா, இல்லாவிட்டால் வேறு வேலை.

படிப்பை எங்கே வைப்பது

தெற்காசிய வம்சாவளியில் என்.எச்.எல். தொட்ட முதலாமவர் ரொபின் பாவா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் டங்கனில் பிறந்த பஞ்சாபியர். 1989-90இல் வொஷிங்டனுக்கு முதல் ஆட்டம். வன்கூவர், சான் ஹொசே, அனஹைம் சேர்த்து நான்கு கழகங்களில் மொத்தம் 61 ஆட்டம். மிச்சத் தொழில் வாழ்க்கை எல்லாம் கீழ் லீக்குகளில். பின்னாளில் ஜுஜார் கைரா, அர்ஷ்தீப் பெய்ன்ஸ் போன்ற பெயர்கள் வருவதற்கு முன் அந்தப் பாதையில் தனியே போனவர். 61 ஆட்டத்தைச் சிறிய எண் என்று நாம் எண்ணமாட்டோம்.

ஆனால் 61 ஆட்டத்துச் சம்பளத்தில் யாரும் வாழ்நாளை ஓட்ட முடியாது. ஆகவே 16, 17 வயதில் எடுக்கும் முடிவு முக்கியம். கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகள் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகச் செலவை ஒதுக்குகின்றன. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால், அல்லது உயர் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால், அது கைநழுவும். நிபந்தனையை எழுத்தில் வாங்கி வாசியுங்கள். முன்பு இந்த லீக்குகளில் ஆடியவரை அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கி ஏற்காது. 2025 ஓகஸ்ட் 1 முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது. இப்போது 19 வயதுவரை ஜூனியரில் ஆடி, பிறகு பட்டப்படிப்போடு நான்கு வருடம் ஆட முடிகிறது. ஊர் மாறும் வாழ்க்கைக்கு வாய்ப்புள்ள பிள்ளைக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இன்று இல்லை என்பது நம் துணிபு.

ஜோன் ஸ்கொட் இதற்கு நல்ல சாட்சி. ஆறடி எட்டங்குலம், சண்டை பிடிப்பதே முக்கிய வேலை, ஏழு கழகங்கள், 286 ஆட்டம், 5 கோல். 2016இல் ரசிகர்கள் வாக்களித்து அவரை நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவு செய்தபின், அவர் மொன்றியலுக்குக் கைமாற்றப்பட்டு, அந்தக் கழகத்தின் அப்போதைய ஏ.எச்.எல். அணி இருந்த நியூஃபவுண்ட்லாந்துக்கு அனுப்பப்பட்டார். ஆனாலும் நாஷ்வில்லில் ஆடினார், இரண்டு கோல் போட்டார், சிறந்த வீரர் விருதும் பெற்றார். அவரிடம் மிஷிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டம் இருந்தது. அவர் செய்த வகை வேலைக்கு இன்று அணிகளில் இடமே அநேகமாக இல்லை.

அறிவித்தலை வாசிப்பது எப்படி

பருவ காலத்தில் கழகங்கள் நாளாந்தம் வீரர் மாற்றங்களை வெளியிடும். இங்கே இருந்து பிள்ளையின் பெயரைத் தேடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். 2024-25 பருவம்வரை, ஆட்டம் இல்லாத நாளில் கீழே அனுப்பி, அடுத்த ஆட்ட நாள் காலையில் மேலே அழைத்தால் அது கழகத்தின் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பை மிச்சம் பிடிக்கும் காகித வேலையாக இருந்தது. ரொறன்ரோ போல இரண்டு அணியும் ஒரே நகரத்தில் இருந்தால் வீரர் கட்டிலைக்கூட மாற்றியிருக்கமாட்டார். அப்போது மார்ச் மாதக் கைமாற்றக் கடைசி நாளில் இளம் வீரரைக் கீழே அனுப்பி உடனே திரும்ப அழைத்தது, அவர் ஏ.எச்.எல். இறுதிச் சுற்றுகளில் ஆடத் தகுதி பெறவேண்டும் என்பதற்காக. இரண்டிலும் கவலைப்பட எதுவும் இருக்கவில்லை. ஒக்டோபர் தொடக்கத்தில் வேவர்ஸில் பெயர் வந்தால் அது உண்மையான தீர்ப்பு, 24 மணித்தியாலம் தொலைபேசி எடுத்துத் தொந்தரவு செய்யாதீர்கள். பி.டி.ஓ.விலிருந்து விடுவித்தார்கள் என்று வந்தால் முதலில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று பாருங்கள். இரண்டு மூன்றில் விடுவித்தால் காயப்பட்டிருந்த ஆள் திரும்பி வந்திருப்பார். 25ஐ நெருங்கும்போது விடுவித்தால், அதே வாரத்தில் அவருக்கு ஏ.எச்.எல். ஒப்பந்தம் வருகிறதா என்று இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம்.